கால் வீக்கம் வடிஞ்சாச்சு, மாத்திரையை நிறுத்தலாமா? 'ஏ.பி.எஸ்' நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

"வீக்கம் வடிஞ்சு ஆறு மாசமாச்சு, வலியும் இல்ல. இன்னும் எதுக்கு மாத்திரை?" காலில் ரத்தக்கட்டி வந்து குணமான பலரும் கேட்கும் கேள்வி இது. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு கட்டி வந்தவர்களுக்கு, பொதுவாக மூன்று மாதங்களில் மாத்திரை நிறுத்தப்படும். ஆனால், 'ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம்', சுருக்கமாக ஏ.பி.எஸ், இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அது என்ன ஏ.பி.எஸ்?

கிருமிகளைத் தாக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, சொந்த உடலையே தாக்கும் நோய்களில் ஒன்று. தவறாக உருவாகும் ஆன்டிபாடிகள், தேவையில்லாத இடத்தில் ரத்தத்தை உறைய வைக்கும். 1983-ல் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் இதை விவரித்தார். லூபஸ் நோயாளிகளிடம் அதிகம் காணப்பட்டாலும், வேறு நோய் இல்லாதவர்களுக்கும் வரும். இளம் வயதில் பக்கவாதம், அடுத்தடுத்து கருச்சிதைவு ஆகியவற்றுக்கும் இது காரணமாகலாம்.

எப்படி உறுதி செய்வார்கள்?

மூன்று வகை ரத்தப் பரிசோதனைகள் உண்டு. தொற்று வந்தாலும் இந்த ஆன்டிபாடிகள் தற்காலிகமாகத் தோன்றலாம். அதனால், குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் டெஸ்ட் எடுப்பார்கள். மூன்றுமே பாசிட்டிவ் என்றால் ஆபத்து அதிகம்.

ஏன் நிறுத்தக் கூடாது?

மாத்திரை ரத்தம் உறைவதைத்தான் தடுக்கிறது; ஆன்டிபாடியை அழிப்பதில்லை. வீக்கம் வடிந்தாலும் காரணம் உள்ளேயே இருக்கிறது. அடுத்த கட்டி நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை தேவைப்படுகிறது.

டெஸ்ட் தேவைப்படாத புது மாத்திரைக்கு மாறலாமா?

வார்ஃபரின், அசெனோகூமரால் சாப்பிடுபவர்கள் அடிக்கடி 'ஐ.என்.ஆர்' டெஸ்ட் எடுக்க வேண்டும். அளவு பொதுவாக 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். இந்தத் தொல்லை ரிவராக்ஸபன் போன்ற புது மாத்திரைகளில் இல்லை. ஆனால், மூன்று டெஸ்ட்டும் பாசிட்டிவான 120 பேரிடம் இத்தாலியில் நடந்து, 2018-ல் வெளியான ஆய்வில், ரிவராக்ஸபன் எடுத்த 59 பேரில் 7 பேருக்குப் பக்கவாதமோ மாரடைப்போ வந்தது. வார்ஃபரின் எடுத்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நீங்களே மாத்திரையை மாற்றாதீர்கள்.

வேறு என்ன கவனிக்கணும்?

* கீரையை அடியோடு விட வேண்டாம். வாராவாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும்.
* வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள், ரத்தக்கசிவு வரலாம்.
* ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் புகையும் வேண்டாம்.
* குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். அதற்குப் பதில் ஹெப்பாரின் ஊசியும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் தருவார்கள்.
* பல் பிடுங்குவதாக இருந்தாலும் மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல் வந்தால் காலையில் பார்த்துக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.