காவலை விலக்கிப் பார்த்தவர்கள்

கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் நகரில் சிட்ரஸ் பயிர்களுக்கென ஓர் ஆய்வு நிலையம் உண்டு. அங்கே பணியாற்றிய பால் டிபாக் என்ற பூச்சியியலாளர் 1946இல் வெளியிட்ட ஆய்வு, கேட்டால் முதலில் தலைகீழாகத் தோன்றும். தோட்டத்தில் சில மரங்களுக்கு மட்டும் அவர் டி.டி.டி. தெளித்தார், மாவுப்பூச்சியைப் பெருக்குவதற்காகத் தெளித்தார். மெழுகுப் போர்வைக்குள் ஒடுங்கியிருக்கும் மாவுப்பூச்சிக்கு அந்த மருந்து அவ்வளவாக உறைக்காது. அதைத் தின்னும் வண்டுகளும், அதன் உடலுக்குள் முட்டையிடும் சிறு குளவிகளும்தான் சாகும். நினைத்தது நடந்தது. தெளித்த மரங்களில் மாவுப்பூச்சி அப்பிக்கொண்டது. தெளிக்காத மரங்களில் எப்போதும்போல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. அந்த வித்தியாசத்தை எண்ணிப் பார்த்துத்தான் வண்டும் குளவியும் அதுவரை எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தன என்று டிபாக் கணக்கிட்டார்.

எந்த உயிரினமும் தன் பெருக்கும் வல்லமை முழுவதையும் காட்டிவிடாதபடி எதிரியும் நோயும் போட்டியும் பருவமும் அதை ஓர் எல்லைக்குள் நிறுத்தி வைக்கின்றன. இதையே இயற்கைக் கட்டுப்பாடு என்கிறார்கள். ஒழுங்காக நடக்கும்வரை அது யார் கண்ணிலும் படாது. வராமல் போன பூச்சிக்கும், பெருகாமல் நின்ற கிருமிக்கும் யாரும் கணக்கு எழுதுவதில்லை. அதனால்தான் உடலியல், கடலியல், மருத்துவம், வேளாண்மை என்று ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத துறைகள்கூட இதைக் காண ஒரே வழிக்கு வந்து சேர்ந்தன. எது கட்டுப்படுத்துகிறது என்று சந்தேகம் வருகிறதோ, அதை எடுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பது. சில நேரம் ஆய்வாளர் தெரிந்தே எடுத்தார். பெரும்பாலும் நாம் தெரியாமல் எடுத்தோம்.

உடலியலில் இது 1889இலேயே நடந்தது. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஜோசப் ஃபான் மெரிங்கும் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் ஒரு நாயின் கணையத்தை முழுவதுமாக அகற்றினார்கள். கொழுப்புச் செரிமானத்தில் கணையத்துக்கு என்ன பங்கு என்பதுதான் அவர்கள் கேள்வி. நாயோ ஓயாமல் சிறுநீர் கழித்தது. சோதித்தால் அதில் சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் காத்துவந்த உறுப்பு எது என்பது அந்த உறுப்பு போன பிறகே தெரிந்தது. டொரொண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்க அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கடற்கரையில் இதைச் செய்தவர் ராபர்ட் பெயின். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பாறைக் கரையொன்றில் 1963 முதல் ஒரு சிறு பகுதியிலிருந்து மட்டும் நட்சத்திர மீன்களைப் பெயர்த்தெடுத்துக் கடலில் எறிந்துகொண்டே இருந்தார். பாறையில் பதினைந்து வகை உயிர்கள் ஒட்டி வாழ்ந்தன. நட்சத்திர மீன் போனதும் கடற்சிப்பிகள் இடத்தை வளைத்துப் பிடித்தன. வகைகள் எட்டாகக் குறைந்தன. தின்கிற விலங்கு இருந்தால்தான் பல வகைகளுக்கு இடம் கிடைக்கும் என்பதை 1966இல் அவர் எழுதிய கட்டுரை நிறுவியது.

மருத்துவர்கள் இந்தப் பாடத்தைத் தாமதமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆண்டிபயாடிக் கண்ட முதல் தலைமுறையின் மகிழ்ச்சியில் அதற்கு இடமில்லாமல் போனது இயல்புதான். குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் ஏதோ காவல் வேலை செய்கின்றன என்பதற்கு மார்ஜோரி பான்ஹாஃப் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1954இலேயே தெளிவான சான்று கொடுத்தார்கள். சாதாரண எலிக்குச் சால்மோனெல்லா தொற்று உண்டாக்க லட்சம் அளவில் கிருமிகளைப் புகட்ட வேண்டியிருந்தது. ஒரே வேளை ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்த எலிக்குப் பத்துக்கும் குறைவான கிருமிகளே போதுமாக இருந்தன. மருந்து சால்மோனெல்லாவுக்கு எந்த உதவியும் செய்யவில்லை. அதற்கு இடம் கொடுக்காமல் நெருக்கியடித்துக் குடியிருந்தவர்களைக் காலி செய்தது, அவ்வளவுதான்.

மனிதரில் இதன் கொடிய வடிவம் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி. நீண்ட நாள் ஆண்டிபயாடிக் எடுத்தவர்களின் குடலில் அது பெருகி, நிற்காத வயிற்றுப்போக்கைத் தருகிறது. அதற்கும் இன்னொரு ஆண்டிபயாடிக்; குணமானதுபோல் இருந்து மறுபடி வரும். ஆம்ஸ்டர்டாமில் நடந்து 2013இல் வெளியான சோதனையில், இப்படித் திரும்பத் திரும்ப அவதிப்பட்ட நோயாளிகளுக்கு ஆரோக்கியமானவரின் மலத்தைக் கரைத்து, வடிகட்டி, மூக்கு வழியாகச் செலுத்திய குழாயில் சிறுகுடலுக்குள் விட்டார்கள். பதினாறு பேரில் பதின்மூவர் ஒரே முறையில் குணமடைந்தார்கள். வான்கோமைசின் மட்டும் பெற்ற பதின்மூவரில் நான்கு பேருக்குத்தான் பலன் கிடைத்தது. வேறுபாடு அவ்வளவு பெரிதாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். கேட்கும்போது முகம் சுளிக்க வைக்கும் சிகிச்சைதான். ஆனால் கலைந்துபோன காவலைத் திரும்பக் குடியமர்த்துவது என்பதை இவ்வளவு நேரடியாகக் காட்டிய சோதனை மருத்துவத்தில் குறைவு.

என்றாலும் கோடிக்கணக்கான மக்களின் சோற்றோடு சேர்ந்து இந்தப் பரிசோதனை நடந்த இடம் ஆசியாவின் நெல்வயல்.

புகையானை டெல்டா விவசாயிக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நெற்பயிரின் அடியில், தண்ணீர் மட்டத்தை ஒட்டிக் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும் பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. வயலின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்து சாயும்போதுதான் பலருக்கும் விஷயம் தெரியவரும். வெப்பமண்டல ஆசியாவில் 1960கள் வரை இது பொருட்படுத்தத் தேவையில்லாத பூச்சியாக இருந்தது. குட்டை ரகங்களும் யூரியாவும் பூச்சிக்கொல்லியும் ஒன்றாக வயலுக்குள் வந்த பின்பு, 1970களில் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் பேரழிவுப் பூச்சியாக உருவெடுத்தது. முதலில் ரகத்தின் மேல் பழி விழுந்தது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் எதிர்ப்புத்திறன் கொண்ட ஐ.ஆர்.26 ரகத்தை 1973இல் கொடுத்தது. சில ஆண்டுகளிலேயே புகையான் அதற்குப் பழகிவிட்டது. 1976இல் ஐ.ஆர்.36 வந்தது. மருந்து மட்டும் நிற்கவில்லை.

பீட்டர் கென்மோர் என்ற இளம் ஆய்வாளர் பிலிப்பைன்ஸ் வயல்களில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினார். மருந்தே அடிக்காத வயல்களில் புகையான் இருந்தது, ஆனால் பெருகவில்லை. ஓநாய்ச் சிலந்திகளும், புகையானின் முட்டையைக் குத்தி உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சிகளும் அதை அடக்கி வைத்திருந்தன. மருந்து அடித்த வயல்களில் இவை சரிந்தன, புகையான் எகிறியது. காரணம் புகையானின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அது இலையுறையின் திசுவுக்குள் முட்டையைச் செருகி வைக்கிறது; தெளித்த மருந்து அங்கே எட்டாது. சில நாள் கழித்து முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளைத் தின்ன வயலில் ஆளிருக்காது. சிலந்தி மறுபடி வந்து இனம் பெருக்குவதற்குள் புகையான் ஒரு தலைமுறையை முடித்துவிடும்.

இதற்கு மேலும் ஒன்று இருந்தது. செல்லையாவும் ஹைன்ரிக்ஸும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், டெல்டாமெத்ரின், மீத்தைல் பாரத்தியான் போன்ற மருந்துகள் பட்ட பயிரில் வளர்ந்த புகையான் வழக்கத்தைவிட அதிகக் குஞ்சுகளை ஈன்றது தெரியவந்தது. காவலைக் கொன்றதோடு நில்லாமல் திருடனுக்கும் அந்த மருந்து தெம்பூட்டியிருக்கிறது.

இந்தோனேசியா 1984இல் அரிசியில் தன்னிறைவு பெற்றது. அந்த நாட்டு அரசு பூச்சிக்கொல்லி விலையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை மானியமாகக் கொடுத்துவந்தது. 1985-86இல் ஜாவாவில் புகையான் வெடித்துக் கிளம்பியபோது, தன்னிறைவே கைநழுவும் நிலை. இடா நியோமன் ஓகா உள்ளிட்ட அந்நாட்டுப் பூச்சியியலாளர்களும் கென்மோரும் சொன்னதை அதிபர் சுகார்த்தோ ஏற்றார். 1986 நவம்பரில் பிறப்பித்த மூன்றாம் எண் ஆணை, நெல்லில் 57 பூச்சிக்கொல்லித் தயாரிப்புகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. 1989இல் மானியமும் முடிவுக்கு வந்தது. விளைச்சல் விழவில்லை. ஓர் அரசாங்கம் சிலந்தியின் பேரில் இவ்வளவு பெரிய முடிவெடுத்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை. அதே 1989இல் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகளில், விவசாயிகள் சிலந்தியையும் புகையானையும் ஒரே ஜாடிக்குள் விட்டு, மறுநாள் எது மிஞ்சியிருக்கிறது என்று தாங்களே பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

ஒரு புதிர் மிச்சமிருந்தது. நட்ட சில நாட்களிலேயே, புகையான் வருவதற்கு வெகு முன்பே, வயலில் சிலந்திகள் நிறைந்திருக்கின்றன. தின்னப் பூச்சி இல்லாத வயலில் அவை எதைத் தின்று உயிர் வாழ்கின்றன? ஜாவாவில் வில்லியம் செட்டிலும் சகாக்களும் இதைத் துருவி 1996இல் விடை சொன்னார்கள். வயல் நீரில் மட்கும் தழையும் சாணமும் நுண்ணுயிர்களை வளர்க்கின்றன. அவற்றை உண்டு நீர்க்கொசு போன்ற சிறு பூச்சிகள், நெல்லுக்குத் தீங்கில்லாதவை, கூட்டம் கூட்டமாகக் கிளம்புகின்றன. சிலந்தி அவற்றைத் தின்று பெருகிக் காத்திருக்கிறது. வயலில் அங்ககப் பொருளைக் கூட்டியபோது இரைவிழுங்கிகளும் கூடின. தொடக்கத்தில் அடிக்கிற ஒரு மருந்து இந்தச் சங்கிலி முழுவதையும் அறுத்துவிடுகிறது.

இதைப் படித்தபோது தஞ்சைப் பக்கம் நடவுக்கு முன் கிடை போடுவதும், கொழிஞ்சியும் பூவரசந்தழையும் போட்டு மிதிப்பதும்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. மண்ணுக்காகச் செய்த வேலை. செட்டில் சொல்வது நம் வயலுக்கும் பொருந்துமானால், அந்தத் தழையும் புழுக்கையும் சிலந்திக்கும் முன்பணமாக இருந்திருக்க வேண்டும்.

இயற்கை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைய ரசாயனப் பூச்சிக்கொல்லிகள் இல்லாத 1732இல் ஜப்பானின் மேற்குப் பகுதியில் தத்துப்பூச்சிகள் நெல்லை அழித்துப் பெரும் பஞ்சம் வந்தது. கடல் தாண்டிக் காற்றோடு வந்திறங்கும் கூட்டத்துக்கு உள்ளூர் எதிரிகள் ஈடுகொடுக்க முடியாத ஆண்டுகள் உண்டு. வேற்று நாட்டிலிருந்து வரும் பூச்சி, தன் எதிரியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. 2008இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி அப்படி வந்ததுதான். பப்பாளியோடு நிற்காமல் ஈரோடு, திருப்பூர் பக்கத்து மல்பெரியையும் மரவள்ளியையும் வெள்ளையடித்தது. எந்த மருந்துக்கும் அது அடங்காததால் விவசாயிகள் தோட்டத்தையே வெட்டி எறிந்தார்கள். 2010இல் அமெரிக்க வேளாண் துறை வழியாகப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைச் சிறு குளவிகள் பெங்களூருக்கு வந்தன. தனிமைப்படுத்திச் சோதித்து, வேறெதையும் தாக்காது என்று உறுதி செய்த பின்பு தமிழ்நாட்டில் விட்டார்கள். அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி மாதக் கணக்கிலேயே வேலையை முடித்துவிட்டது. அந்தச் சோதனைப் படியைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு, 1935இல் கரும்பு வண்டைத் தின்னும் என்று ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன தேரையே சாட்சி. அது வண்டை விட்டுவிட்டுக் கண்டத்தையே பிடித்துக்கொண்டது. இயற்கைக் கட்டுப்பாட்டில் நம்பிக்கை வைக்கிறவர்தான் இந்தப் பொறுமையை எல்லோரையும்விட அதிகமாகக் கேட்க வேண்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. தூருக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால், தூருக்கு இரண்டு புகையான் வரும்வரை பொறுக்கலாம். சிலந்தியின் உழைப்பை எண்ணாகவே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இந்த அளவுகோல் மருந்துக் கடை கவுன்டர் வரை போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். பக்கத்து வயல்காரர் அடித்துவிட்டார், நாமும் அடிப்போம் என்று போகிறவருக்குச் சிலந்தியை எண்ணச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

வியட்நாமின் மீகாங் டெல்டாவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அங்கே விவசாயிகள் விதைத்த கொஞ்ச நாளிலேயே இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து அடித்துவந்தார்கள். இளம் பயிர் அந்தச் சேதத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும் என்று பூச்சியியலாளர் கே. எல். ஹியோங்கும் சகாக்களும் அறிந்திருந்தார்கள். ஆனால் அதை அறிவுரையாகச் சொல்லவில்லை. 1994இல் லாங் ஆன் மாகாணத்தில் வானொலியிலும் துண்டுப் பிரசுரத்திலும் ஒரு சவாலாக விடுத்தார்கள்: உங்கள் வயலில் ஒரு பகுதிக்கு மட்டும் முதல் நாற்பது நாள் மருந்து அடிக்காதீர்கள், அறுவடையில் ஒப்பிட்டுப் பாருங்கள். மகசூலில் வித்தியாசம் இல்லை என்பதைச் சொந்தக் களத்தில் கண்டவர்கள் அண்டை அயலாருக்குச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் அங்கே மருந்தடிக்கும் தடவை பாதியளவுக்குக் குறைந்தது.

சம்பா நடவின்போது நம் வேளாண் உதவி அலுவலர்கள் ஒவ்வொரு ஊரிலும் நான்கு பேரையாவது இதற்குச் சம்மதிக்க வைக்கலாம். செலவு ஏதும் இல்லை. வயலின் ஒரு மூலையைக் கயிறு கட்டிப் பிரித்து, வாரம் ஒருமுறை இரண்டு பக்கமும் பத்துக் குத்துகளைத் தட்டி, சிலந்தி எத்தனை, புகையான் எத்தனை என்று எழுதி வைக்க வேண்டும். அறுவடை முடிந்ததும் இரண்டு பக்கத்து மூட்டைக் கணக்கையும் மருந்துக் கடை ரசீதையும் ஊர் முன்னால் வைத்து வாசிக்க வேண்டும்.