சாவியைத் திருகாதீங்க... சத்தத்தைக் கேளுங்க! ஸ்டார்ட் ஆகாத பழைய ஆம்னி என்ன சொல்லுது?

அதிகாலை நாலரை மணி. இடைசெவலில் சித்தப்பா வீட்டு வாசலில் ஆம்னி நிற்கிறது. ஆச்சிக்கு அன்று திருநெல்வேலியில் கண் ஆபரேஷன். ஏழு மணிக்கு அங்கே இருக்கணும். ஆச்சி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாச்சு. சித்தப்பா சாவியைத் திருகினார். 'டக்... டக்... டக்'. அவ்வளவுதான். திரும்பத் திரும்பத் திருக, அந்தச் சத்தமும் தேய்ந்துகொண்டே போனது.

"கார்புரேட்டர்ல கொஞ்சம் பெட்ரோல ஊத்தி அடிச்சா கிளம்பிரும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் பாட்டிலோடு வந்துவிட்டார். நல்லவேளை, அதற்குள் கோவில்பட்டி மெக்கானிக் போனை எடுத்தார். "அண்ணாச்சி, பெட்ரோலத் தூர வைங்க. ஆச்சிய மொதல்ல கீழ இறக்குங்க. இனிமே சாவியத் திருகாம, என்ன சத்தம் கேட்டுச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

ஆச்சியை ஏன் இறக்கச் சொன்னார்? ஆம்னியின் இன்ஜின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில். அங்கே தீப்பிடித்தால், உட்கார்ந்திருப்பவருக்குக் கீழேயே பிடிக்கும்.

1984-ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்து, 1988-ல் 'ஆம்னி' ஆன வண்டி இது. 796 சிசி, மூன்று சிலிண்டர். 2019-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால், கரிசல் பக்கம் வத்தல் மூட்டைக்கும், கல்யாண வீட்டுச் சாமானுக்கும், அவசர ஆஸ்பத்திரிக்கும் இன்னும் அதுதான் ஓடுது. உங்க வீட்டு வேன் ஒருநாள் காலை வாரினால், பதற்றப்படாமல் இதைப் பாருங்க.

சத்தம் சொல்லும் சங்கதி

பெட்ரோல் இன்ஜின் கிளம்ப மூணு விஷயம் வேணும். இன்ஜினைச் சுற்றிவிட பேட்டரி கரன்ட், எரிய பெட்ரோல், பற்றவைக்க ஸ்பார்க். இதில் எது இல்லை என்பதைச் சத்தமே சொல்லிடும்.

'டக்டக்டக்' என்று அடுக்கடுக்காக வந்தாலோ, இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றினாலோ: பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்க. மங்கலாக எரிந்தால் சந்தேகமே வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் வசதி. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் பக்கம் காட்டும். 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி.

'டொக்' என்று ஒரே ஒரு சத்தம், லைட் மட்டும் பளிச்: ஸ்டார்ட்டர் மோட்டாரிலோ, அதன் சொலினாய்டிலோ, அதற்குப் போகும் வயரிலோ கோளாறு இருக்கலாம். இது மெக்கானிக் வேலை.

சத்தமே இல்லை, லைட்டும் இல்லை: டெர்மினல் கழன்றிருக்கும், பெரிய ஃபியூஸ் போயிருக்கும், அல்லது பேட்டரி முழுசா இறங்கியிருக்கும்.

நல்லா சுத்துது, ஆனா பிடிக்கலை: பேட்டரி ஓகே. பிரச்னை பெட்ரோலில் அல்லது ஸ்பார்க்கில். முதலில் டேங்க்கில் பெட்ரோல் இருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, பழைய வண்டியில் முள் பொய் சொல்லும்! கேஸ் கிட் இருந்தால் ஸ்விட்ச் பெட்ரோலில் இருக்கணும். இன்ஜெக்‌ஷன் மாடலில் சாவியை ஆன் செய்ததும் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி மெதுவாக முனகும். அது கேட்கவில்லை என்றால் பம்ப்பின் ஃபியூஸ், ரிலேயைப் பார்க்கணும்.

இன்னும் தெரியலையா? இன்ஜின் ஆறியதும் ஒரு பிளக்கைக் கழற்றச் சொல்லுங்க. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருது, ஸ்பார்க்தான் இல்லை. அல்லது பெட்ரோல் அதிகமாகிவிட்டது. அப்படி 'ஃபிளட்' ஆனால் கதவுகளைத் திறந்துவிட்டுப் பத்து, பதினைந்து நிமிஷம் காத்திருங்க. பிறகு ஆக்ஸிலேட்டரைப் பம்ப் பண்ணாமல், முழுசா மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட் பண்ணுங்க. எங்காவது பெட்ரோல் சொட்டினால் சாவியைத் தொடவே வேண்டாம்.

கரிசல் காட்டு வில்லன்கள்

கோடையில் கரிசல் புழுதி ஏர் ஃபில்டரை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிஸ்ட்ரிப்யூட்டர் உள்ள பழைய மாடல்களில் அதன் மூடிக்குள் ஈரம் கோத்து ஸ்பார்க்கைத் தின்றுவிடும். காய்ந்த துணியால் துடைத்தாலே சில வண்டிகள் கிளம்பிவிடும். இன்னொன்று, இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் இருக்கு. அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களுக்கும் ஒத்துக்காது. வண்டியை வாரக்கணக்கில் சும்மா நிறுத்தாதீங்க. பெட்ரோல் குழாயில் வெடிப்பு இருக்கான்னு அவ்வப்போது பாருங்க.

இதையெல்லாம் செய்யாதீங்க!

* ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் சாவியைத் திருகக் கூடாது. நடுவில் ஒரு நிமிஷமாவது விடணும். இல்லையென்றால் பேட்டரியோடு ஸ்டார்ட்டர் மோட்டாரும் சேர்ந்து போகும்.
* கார்புரேட்டரில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்ஜின் 'பேக்ஃபயர்' அடித்தால் நெருப்பு மேலேதான் வரும்.
* ஜம்பர் கேபிள் போடும்போது சிவப்பை முதலில் இறங்கிய பேட்டரியின் ப்ளஸ்ஸிலும், பிறகு நல்ல பேட்டரியின் ப்ளஸ்ஸிலும் மாட்டுங்க. கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை உங்க வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுங்க. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பொறி பறந்தால் வெடிக்கலாம்.
* தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதென்றால் செகண்ட் கியர். பரபரப்பான நாலுவழிச் சாலையில் வேண்டவே வேண்டாம்.

சரி, ஆச்சி என்ன ஆனார்?

'டக்டக்'கென்று கேட்டதும் மெக்கானிக் அடுத்துக் கேட்டது, "டெர்மினல்ல வெள்ளையா, பச்சையா பூத்திருக்கா?" பூத்திருந்தது. மைனஸை முதலில் கழற்றி, பிறகு ப்ளஸ்ஸைக் கழற்றி, ஆப்பச்சோடா கலந்த வெந்நீரில் இரண்டையும் தேய்த்துத் துடைத்தோம். ப்ளஸ்ஸை முதலில், மைனஸைக் கடைசியில் மாட்டி, 10-ம் நம்பர் ஸ்பானரால் இறுக்கினோம். கால் மணி நேர வேலை.

அடுத்த திருகலில் ஆம்னி பிடித்துக்கொண்டது. "இதுக்கா என்னய இறக்கி விட்டிய?" என்று கேட்டுக்கொண்டே ஆச்சி ஏறினார். ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே திருநெல்வேலியில் இருந்தோம்.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை டெர்மினலைத் துடைப்பது சித்தப்பா வீட்டில் வழக்கமாகிவிட்டது. உங்க வண்டியில் கடைசியா எப்போ பார்த்தீங்க?