தறியடிக் கல்வியும் தணிக்கைக் கல்வியும்

காஞ்சிப் பட்டின் சிறப்பு அதன் கோர்வையில் உள்ளது. புடவையின் உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். மூன்று நாடாக்களை இருவர் சேர்ந்து ஓட்ட, உடலும் கரையும் பிரியாவண்ணம் கோக்கப்படுகின்றன. இந்நுட்பத்தை மூத்தவர் அருகில் அமர்ந்து, துணைக்கை கொடுத்தே பயில இயலும். ஏட்டை மட்டும் படித்து நெசவாளர் ஆனவர் இலர். இவ்வாறே பணியிடத்தில் பயின்று அடையத்தக்க உயர்தொழில் ஒன்று நம் நாட்டில் உண்டு. நாம் ஆடிட்டர் என வழங்கும் பட்டயக் கணக்கர் தொழிலே அது. அப்பயிற்சியைப் பல்கலைக்கழகப் பட்டத்தோடு கோர்வையாக்கும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கும் காஞ்சியும்

கணக்கறிவு இம்மண்ணுக்குப் புதிதன்று. உத்திரமேரூரில் உள்ள முதற் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என விதிக்கின்றன. பத்தாம் நூற்றாண்டின் உத்தம சோழன் செப்பேடோ, காஞ்சி ஊரகத்துக் கோயிலின் நிதிப் பொறுப்பை இந்நகரத்து நெசவாளரிடம் ஒப்படைத்ததைக் கூறுகின்றது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமும் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை நீதியுடன் எழுதிவைப்பது பற்றியதே ஆகும். கணக்கு என்பது எண்களின் கூட்டல் மட்டுமன்று. அஃது ஓர் அமானிதம் என்பது இவற்றால் விளங்கும்.

பட்டயத்தின் பொருள்

1854இல் எடின்பரோ நகரக் கணக்கர் சங்கம் அரச பட்டயம் பெற்றமையால் அதன் உறுப்பினர் பட்டயக் கணக்கர் எனப் பெயர் பெற்றனர். இந்தியாவில் அப்பெயரை வழங்கியது மன்னர் ஆணையன்று. 1949ஆம் ஆண்டுச் சட்டம். அதன்வழி அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் இந்தியப் பட்டயக் கணக்கர் கழகம் தோன்றியது.

அதற்கு முன்பே தமிழ்ப் பெண்ணொருவர் இத்துறையில் தடம் பதித்திருந்தார். சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம், சி. எஸ். சாஸ்திரி என்னும் தணிக்கையாளரிடம் பயிற்சி பெற்று, 1933இல் அந்நாளைய அரசுக் கணக்கியல் பட்டயத் தேர்வில் வென்றார். இந்தியாவின் முதல் பெண் தணிக்கையாளர் அவரே. 1955 முதல் 1958 வரை கழகத்தின் தென்மண்டலக் குழுவிற்குத் தலைமை தாங்கிய பெருமையும் அவருக்குண்டு.

பயிற்சியின் படிகள்

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் அடிப்படைத் தேர்வு எழுதலாம். வணிகவியல் பட்டதாரிகள் 55 விழுக்காடும், ஏனைய பட்டதாரிகள் 60 விழுக்காடும் பெற்றிருப்பின் அதனை எழுதாமலே இடைநிலைக்குச் செல்லலாம். இடைநிலையின் இரு தொகுதிகளிலும் வென்றபின், பட்டயக் கணக்கர் ஒருவரிடம் ஒப்பந்தப் பயிற்சி தொடங்கும். முன்னர் மூன்றாண்டுகளாக இருந்த இப்பயிற்சி, 2023இல் வந்த புதிய திட்டப்படி ஈராண்டுகள் ஆயிற்று. பயிற்சிக் காலத்தில் குறைந்தபட்ச உதவித்தொகை உண்டு. அது நகரின் மக்கள்தொகைக்கேற்ப வேறுபடும். பற்றுச்சீட்டைச் சரிபார்ப்பதும், இருப்பை எண்ணுவதும், வரிப் படிவம் நிரப்புவதும் அங்குப் பாடங்களாகின்றன. இறுதித் தேர்வு இதன் பின்னரே.

பட்டத்தோடு இணைதல்

இப்பாதையில் ஓர் இடர் உண்டு. தேர்வுகள் கடுமையானவை, பலமுறை எழுதியும் வெல்லாதோர் பலர். பட்டமும் இல்லையெனில் அவர்தம் உழைப்பு முழுவதும் சான்றின்றிப் போகும். இதனை நீக்கவே கழகமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உடன்பாடு செய்தன. அதன்படி, கணக்கியலும் நிதியியலும் சிறப்புப் பாடங்களாக அமைந்த வணிகவியல் இளங்கலைப் படிப்பு உருவாயிற்று. கழகத் தேர்வில் வென்ற பாடங்கள் பட்டத்திற்கும் ஏற்கப்படும். எஞ்சிய பாடங்களையே பல்கலைக்கழகத் தேர்வில் எழுத வேண்டும். கம்பெனிச் செயலர், அடக்கவிலைக் கணக்கர் படிப்புகளுக்கும் இத்தகைய ஏற்பாடுகள் செய்யப்பெற்றன. சேருமுன் அவ்வாண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நலம்.

கல்லூரிக்கு நேரில் சென்று பயில விழைவோர், கழகத்தின் 112ஆம் எண் படிவத்தில் அனுமதி பெறல் வேண்டும். வகுப்பு நேரம் பயிற்சி நேரத்தோடு மோதலாகாது. பட்டயக் கணக்கர் தகுதியை முதுகலைப் பட்டத்திற்கு இணையாகப் பல்கலைக்கழக மானியக்குழு 2021இல் ஏற்றமையால், ஆய்வுப் படிப்பின் கதவும் திறந்துள்ளது.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

நெசவுக் குடும்பங்களில் இரு குரல்கள் கேட்கின்றன. "முதலில் பட்டம் முடி, வேலையைப் பிறகு பார்க்கலாம்" என்பது ஒன்று. "படிப்பை விடு, வருவாய்க்கு வழி பார்" என்பது மற்றொன்று. முன்னதால் குடும்பம் இளைக்கின்றது. பின்னதால் பிள்ளையின் எதிர்காலம் இளைக்கின்றது. இரண்டையும் ஒருசேரக் காக்கும் வழி ஒன்று இருப்பதை அறியாமையே பேரிழப்பாகும். உதவித்தொகை சிறிதாயினும் வீட்டுக்கு ஊன்றுகோல். பட்டம், தேர்வு தவறினும் கைவிடாத காப்பு. உடலையும் கரையையும் பிரியாது கோக்கத் தெரிந்த ஊர் இது. பட்டத்தையும் பயிற்சியையும் கோத்துக்கொள்ள அவ்வூர்ப் பிள்ளைகள் தயங்கவேண்டியதில்லை.