கணனி தானாக நிரப்பும் படிவம்: ஒப்பமிடுமுன் கவனிக்க வேண்டியவை

இடம்பெயர்ந்த குடும்பம் எந்த உதவியை நாடிப் போனாலும் முதலில் முன்னால் வருவது படிவம்தான். முன்னர் அதைக் கையால் நிரப்பினோம். இப்போது பல இடங்களில் அடையாள அட்டை இலக்கத்தைக் கணனியில் தட்டியதும் பெயர், பிறந்த திகதி, விலாசம், குடும்ப அங்கத்தவர் தொகை என்பன தாமாகவே கட்டங்களில் வந்து விழுகின்றன. எமது பத்திரங்களையும் படமெடுத்து அதே படிவத்துடன் சேர்த்து விடுகிறார்கள். வேலை இலகுவாகிறது, எழுத்துப் பிழையும் குறைகிறது. ஆனால் கணனி தந்தது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, வாசியாமலே ஒப்பமிடும் பழக்கமும் வளர்ந்து வருகிறது. காணியையும் வீட்டையும் விட்டு வந்தவர்களுக்கு இது பாதகமாக முடியலாம். அதன் காரணத்தை இங்கே விளக்குகிறோம்.

விபரம் எங்கிருந்து வருகிறது?

தரவுத்தளம் என்பது பெரியதொரு இடாப்பு. ஒவ்வொரு ஆளுக்கும் அதில் ஒரு வரி உண்டு. ஒரே பெயரில் பலர் இருப்பதால், இருவருக்குப் பொதுவாக அமையாத ஓர் இலக்கத்தைத் திறப்பாக வைத்துக் கொள்வார்கள். அந்த இலக்கத்தைத் தட்டியதும் கணனி அதே இலக்கமுள்ள வரியைத் தேடி எடுத்து, அதிலுள்ளதைப் புதிய படிவத்தில் பிரதி பண்ணுகிறது. அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. முன்பொருநாள் யாரோ பதிந்து வைத்ததையே அது இன்றும் சொல்கிறது.

கிளிநொச்சியில் பதியப்பட்ட ஒரு குடும்பம் இப்போது வவுனியாவில் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். பதிந்த பின் தகப்பன் இறந்துவிட்டார். மூத்த மகள் திருமணமாகிப் போய்விட்டாள். இடாப்பைத் திருத்தாவிட்டால் புதிய படிவத்திலும் பழைய விலாசமும், இறந்தவர் குடும்பத் தலைவராகவும், மகள் வீட்டோடு இருப்பவளாகவும் வரும். அதில் ஒப்பமிட்டால் அந்த விபரத்தை நாமே உறுதிப்படுத்தியதாகிவிடும்.

இலக்கத்திலிருந்து வரும் பிறந்த திகதி

பழைய தேசிய அடையாள அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் உண்டு. முதல் 2 இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கங்கள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள் உண்டு. அதில் ஆண்டு 4 இலக்கங்களில் வரும். ஆகவே வேறு இடாப்பு இல்லாமலே, இந்த இலக்கத்தை மட்டும் கொண்டு கணனி பிறந்த திகதியைக் கணித்து நிரப்பலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இந்த முறையில் எல்லா ஆண்டுகளுக்கும் பெப்ரவரி 29 நாட்களாகவே எண்ணப்படுகிறது. 1965 மார்ச் 1 இல் பிறந்த பெண்ணுக்கு 31, 29, 1 சேர்த்து 61. அதனுடன் 500 கூட்டினால் 561. ஆனால் 1965 பெப்ரவரியில் இருந்தது 28 நாட்கள்தான். இதை அறியாமல் எழுதப்பட்ட மென்பொருள் 61ஆம் நாளை மார்ச் 2 என்று காட்டும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு திகதி, படிவத்தில் இன்னொரு திகதி என்றாகிவிடும். ஒருநாள் வித்தியாசம்தான், ஆனாலும் இரு பத்திரங்களும் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வர அது போதும்.

பழைய இலக்கத்தைப் புதிய முறைக்கு மாற்றும்போது ஆண்டின் முன்னால் 19 உம், நாளைக் குறிக்கும் 3 இலக்கங்களின் பின்னால் ஒரு 0 உம் சேரும்; கடைசி எழுத்து நீங்கும். இரண்டும் ஒருவரையே குறிப்பவை என்று சொல்லிக் கொடுக்காவிட்டால், கணனி அவரை இரண்டு ஆட்களாகவே எண்ணும். ஓர் இலக்கத்தில் தேடும்போது மற்ற இலக்கத்தில் பெற்ற பதிவு வராது.

திருத்தினால் எங்கே திருந்தும்?

படிவங்கள் இரண்டு விதமாக அமைக்கப்படுகின்றன. ஒரு விதத்தில், இடாப்பிலுள்ளது படிவத்தில் பிரதியாக எழுதப்படும். அங்கே படிவத்தைத் திருத்தினாலும் இடாப்பு பழையபடியே இருக்கும். அடுத்த முறையும் அதே பிழை வரும். மற்ற விதத்தில், படிவம் இடாப்பை நேரே காட்டும் யன்னல் போன்றது. அங்கே இடாப்பைத் திருத்தினால் முன்னைய படிவங்களிலும் மாற்றம் தெரியும். இது எப்போதும் நன்மையானதல்ல. இன்றைய தற்காலிக விலாசத்தைப் பழைய விலாசத்தின் மேல் எழுதினால், சொந்த ஊரில் இருந்தோம் என்பதற்கான பதிவு அந்த இடாப்பிலிருந்து அழிந்து போகும். ஆதலால் நிரந்தர விலாசத்துக்கும் தற்போதைய விலாசத்துக்கும் வெவ்வேறு கட்டங்கள் இருக்க வேண்டும். ஒரு கட்டம்தான் உண்டு என்றால், மற்ற விலாசத்தைக் குறிப்புப் பகுதியில் எழுதும்படி கேளுங்கள்.

பத்திரத்தின் படம்

உறுதியையோ காணி அனுமதிப்பத்திரத்தையோ படமெடுத்துச் சேர்க்கும்போது கணனி அதை வாசித்து அறிந்து கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். எழுத்தை வாசிக்க முயலும் மென்பொருள்கள் இப்போது உண்டு. ஆனால் சாதாரண படிவத்தில் சேர்க்கும் பத்திரம் வெறும் படமாகவே இருக்கும். தேடும்போதும் கூட்டும்போதும் கணனி பார்ப்பது கட்டங்களை மட்டுமே. உறுதியின் படத்தில் 2 ஏக்கர் என்றிருந்து கட்டத்தில் 1 என்று பதிந்திருந்தால், பட்டியலில் வருவது 1 தான்.

படம் எங்கே வைக்கப்படுகிறது என்பதும் முக்கியம். உதாரணமாக, மைக்ரோசொவ்ற் அக்சஸ் என்னும் மென்பொருளில் கோவைகளைப் பதிவுக்குள்ளேயே இணைக்கும் வசதி 2007 பதிப்பில் வந்தது. ஆனால் அதன் தரவுத்தளம் ஒன்று 2 கிகாபைற்றுக்கு மேல் வளர முடியாது. படங்கள் நிறைந்தால் இடம் முடிந்துவிடும். எனவே பலர் படங்களை வேறோர் உறையில் வைத்து, பதிவில் அதன் இருப்பிடத்தை மட்டும் எழுதுகிறார்கள். கணனி மாறும்போது உறையையும் கொண்டு போகாவிட்டால் பதிவு இருக்கும், படம் இராது. எல்லாப் படங்களுக்கும் "உறுதி" என்றே பெயரிட்டால், ஒருவருடைய படத்தின் மேல் இன்னொருவருடையது பதியவும் கூடும். அலுவலகங்களில் படிவம் தயாரிக்கும் எங்கள் பிள்ளைகள் படத்தின் பெயரில் அடையாள அட்டை இலக்கத்தையும் பத்திர வகையையும் திகதியையும் சேர்ப்பது நல்லது.

நாம் செய்யக்கூடியவை

1. ஒப்பமிடுமுன் நிரப்பிய படிவத்தைத் திரையிலோ கடதாசியிலோ வாசியுங்கள். வாசிக்க இயலாவிட்டால் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள்.

2. பெயரின் எழுத்துக்களையும் பிறந்த திகதியையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துடன் ஒப்பிடுங்கள்.

3. அட்டை மாறியிருந்தால் பழைய இலக்கத்தையும் புதிய இலக்கத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

4. பிழை கண்டால் "இந்தப் படிவத்தில் மட்டுமா, இடாப்பிலுமா திருத்தினீர்கள்?" என்று கேளுங்கள்.

5. பத்திரத்தின் இரு பக்கங்களையும், நான்கு மூலைகளும் முத்திரையும் தெரியும்படி, நிழல் விழாமல் படமெடுக்கச் செய்யுங்கள். சேர்த்த படத்தைத் திறந்து காட்டும்படி கேளுங்கள்.

6. படமெடுத்தபின் மூலப் பத்திரத்தைக் கையோடு வாங்கிக் கொள்ளுங்கள். அலுவலகத்துக் கணனியில் படம் இருக்கிறது என்பதற்காக வீட்டிலுள்ள பிரதியைக் கைவிட வேண்டாம்.

7. பதிவு இலக்கத்தையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு செல்லுங்கள்.