புறா இறங்கும் இடம் எது?

புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பிச் சோளமும் உளுந்தும் விதைக்கும் விவசாயிக்கு முதல் பத்து நாட்கள் கவலையான நாட்கள். விதைத்த மறுநாள் காலையிலேயே புறாக்கள் கூட்டமாக வந்து இறங்கிவிடும். மகாராஜபுரம், வத்திராயிருப்புப் பகுதியில் கண்மாய்க் கரையும் கருவேல மரமும் தோப்பும் அடுத்தடுத்து இருப்பதால் இந்தத் தொல்லை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். "நாலு புறாவை அடித்தால் மற்றவை வராது, கறிக்கும் ஆயிற்று" என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்த யோசனையைக் கேட்டு வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

முன்பெல்லாம் புறா வேட்டை சாதாரணமாக நடந்தது உண்மைதான். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலேயே சிறு வேட்டைக்கு உரிமம் வழங்க வழி இருந்தது. 1991-ம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிம முறையையே எடுத்துவிட்டது. ஆகவே இன்று புறாவைச் சுடுவதும், கண்ணி வைப்பதும், வலை விரிப்பதும், விஷம் வைப்பதும், கூட்டைக் கலைத்து முட்டை எடுப்பதும் எல்லாமே வேட்டை என்ற குற்றத்தில்தான் அடங்கும். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கண்மாய்ப் புறம்போக்கு ஊருக்குப் பொது, அங்கே யார் கேட்பது என்று நினைப்பதும் தவறு. புறம்போக்கானாலும் சொந்தப் பட்டா நிலமானாலும் சட்டம் ஒன்றே.

மகாராஜபுரத்தைத் தாண்டி மேற்கே போனால் தாணிப்பாறை. அதற்கு மேல் சதுரகிரி மலை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-ல் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. காப்பகத்துக்குள் செய்யும் குற்றத்துக்குத் தண்டனை இன்னும் கடுமையானது. அடிவாரத்தில் காடு வைத்திருப்பவர் கையில் கண்ணியோடு நின்றால், புறாவுக்குத்தான் வைத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆனால் பழைய வேட்டைக்காரர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அவர்கள் புறாவைத் தேடி அலையமாட்டார்கள். அது எங்கே வரும் என்று முதல் நாளே பார்த்துவைத்து, அங்கே போய்க் காத்திருப்பார்கள். காவலுக்கு நிற்கும் விவசாயிக்கும் அதே கணக்குத்தான் வேண்டும்.

புறாவுக்கு நான்கு வசதிகள் ஒன்றுக்கொன்று அருகில் அமைய வேண்டும். உதிர்ந்த தானியம், குடிக்கத் தண்ணீர், இரைப்பையில் தானியத்தை அரைக்கச் சிறு கல், உட்கார்ந்து நோட்டம் பார்க்க மரம். இவற்றில் தண்ணீரையும் மரத்தையும்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தண்ணீர் என்றால் எந்தத் தண்ணீரிலும் அது இறங்காது. கோரையும் புல்லும் மண்டிய கரையில் பூனையோ கீரியோ பதுங்கியிருக்கும் என்ற பயம் அதற்கு உண்டு. புல் இல்லாத, சரிவான, வெறும் மண் கரையாகப் பார்த்துத்தான் இறங்கும். அலகைத் தண்ணீரில் அமிழ்த்தி ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு எழும்பிவிடும். கோடையில் கண்மாய் வற்றி ஒன்றிரண்டு குழிகளில் மட்டும் நீர் நிற்கும்போது சுற்று வட்டாரப் புறாக்கள் எல்லாம் அங்கேதான் கூடும். கண்மாய்க்குள் வண்டித்தடமும் சரளையும் இருந்தால் கல் பொறுக்கவும் அங்கேயே வசதி.

அடுத்தது மரம். புறா நேராக நிலத்தில் இறங்குவது குறைவு. முதலில் இலை குறைந்த ஒரு மரத்திலோ மின்கம்பியிலோ உட்கார்ந்து பார்க்கும். ஒன்று இறங்கினால் மற்றவை பின்னாலேயே இறங்கும். இரவு தங்கும் தோப்பிலிருந்து இரை எடுக்கும் காட்டுக்கும், அங்கிருந்து தண்ணீருக்கும் அவை பெரும்பாலும் ஒரே வழியாகத்தான் பறக்கும். வரப்பில் நின்று ஒரு காலை, ஒரு மாலை பார்த்தால் அந்த வழி தெரிந்துவிடும். பொழுது விடிந்து இரண்டு மூன்று மணி நேரமும், பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகும்தான் இரை எடுக்கும் நேரம். உச்சி வெயிலில் நிழலில் அடங்கிவிடும். ஆகையால் நாள் முழுவதும் ஓர் ஆளைக் காட்டில் நிறுத்திக் கூலி கொடுக்கத் தேவையில்லை.

காவலுக்கு நிற்பவர் நிலத்தின் நடுவில் நிற்பதுதான் வழக்கம். அது பயனற்றது. ஒரு பக்கம் விரட்டினால் மறு பக்கம் இறங்கும். புறா வந்து உட்காரும் அந்த மரத்தடியில் நிற்க வேண்டும். உட்காரவே விடாமல் தகரத்தைத் தட்டினால் கூட்டம் வேறு திசைக்குப் போய்விடும். மினுங்கும் நாடாவைக் கட்டுவதும் அந்த ஓரத்தில்தான். பழைய ஒலிநாடாக் கேசட் வீட்டுப் பரணில் கிடந்தால் அதை இரண்டு குச்சிகளுக்கு இடையே இழுத்துக் கட்டலாம், காற்றில் விம்மும். எதைக் கட்டினாலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இடம் மாற்ற வேண்டும். அசையாத பொம்மையின் தலையிலேயே புறா உட்கார்ந்திருப்பதைப் பார்க்காதவர் யார்? சிவகாசி பக்கத்தில் இருப்பதால் நம்மவர்கள் எதற்கும் வெடியைத்தான் எடுப்பார்கள். மலையடிவாரத்தில் அது வேண்டாம். காய்ந்த புல்லில் தீப்பற்றும், யானை நடமாட்டம் உள்ள இடத்தில் வேறு விபரீதமும் வரும்.

தொல்லை தருகிறது என்று அந்த மரத்தை வெட்டிவிடவும் கூடாது. புறம்போக்கு மரத்தை வெட்டுவது தனிக் குற்றம். தவிர, புறாவைத் துரத்தும் வல்லூறும் அதே மரத்தில்தான் வந்து உட்காருகிறது.

இனி விதைப்பைப் பற்றி. கோழியைப் போலப் புறா காலால் மண்ணைக் கிளறாது. அலகுக்கு எட்டுகிற, மேலாகக் கிடக்கும் விதையைத்தான் பொறுக்கும். கழுத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த புள்ளிப்புறாவும், கழுத்தின் பின்புறம் கறுப்புக் கோடு போட்ட கள்ளிப்புறாவும், உருவில் சிறிய தவிட்டுப்புறாவும் இந்த விஷயத்தில் ஒன்றே. ஆகவே நிலத்தில் குழி பறித்து விதை எடுக்கப்பட்டிருந்தால் அது புறாவின் வேலை அல்ல. மயிலோ எலியோ அணிலோதான் காரணம். புறாவை விரட்டிப் பயனில்லை. இதைக் கவனிக்காமல் மயில் செய்த சேதத்தைப் புறாவின் தலையில் போடுவது அடிக்கடி நடக்கிறது.

விதையை நன்றாக மூடினாலே பாதிக் காவல் முடிந்தது. வீசி விதைத்துவிட்டுப் பலகை அடிக்காமல் விடுவது புறாவுக்கு விருந்து வைப்பதாகும். சோளம், உளுந்து, மக்காச்சோளம் ஆகியவற்றை ஏர்ச்சாலிலோ கொர்ருவிலோ 3 முதல் 4 சென்டிமீட்டர் ஆழத்தில் விழும்படி விதைத்து உடனே மூட வேண்டும். எள், கம்பு போன்ற சிறு விதையை அவ்வளவு ஆழம் போட்டால் முளைப்பு குறையும். ஆகவே அவற்றுக்குக் காவலைத்தான் கூட்ட வேண்டும். சாக்கு அவிழ்த்த இடத்திலும் ஏர் திரும்பிய தலைமாட்டிலும் சிந்திய விதையை அன்றே கூட்டி அள்ளுங்கள். அந்தச் சிதறலைக் கண்டுதான் முதல் கூட்டம் இறங்குகிறது. மழை அடித்து விதை வெளியே தெரிந்தால் மறுபடி மண் தள்ள வேண்டும். பயறு வகைகளில் முளை வெளிவந்த பிறகும் பருப்பிலையைக் கொத்தும். இரண்டு இலை நன்றாக விரியும் வரை காவலை எடுக்க வேண்டாம். பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் பேசிவைத்து ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் ஒருவர் தலையில் மட்டும் விழாமல் பரவிப் போகும்.

விஷம் கலந்த தானியம் தூவும் வழக்கத்தைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அது புறாவோடு நிற்காது. மயில் தின்னும், வீட்டுக் கோழி தின்னும். கண்மாய்க் குழியில் விஷம் வைத்தால் மறுநாள் அதே குழியில்தான் ஆடும் மாடும் வாய் வைக்கும். பூச்சி மருந்து கலந்த விதையைத் தின்று விழுந்த புறாவை எடுத்துச் சமைத்தால் சாப்பிடுபவருக்கும் ஆபத்து. மருந்து நேர்த்தி செய்து வண்ணம் ஏற்றிய விதை மிஞ்சினால் தீவனத்தில் சேர்க்காமலும் வெளியே கொட்டாமலும் ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

அமெரிக்காவில் உரிமம் பெற்றுப் புறா சுடுவது இன்றும் அனுமதிக்கப்பட்டுள்ளது. ஆனால் அங்கேயும் வேட்டைக்காகத் தானியம் தூவிப் புறாவை வரவழைப்பது குற்றம். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று கணக்கும் உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. வானத்தை மறைக்கும் கூட்டமாகப் பறந்த பயணப்புறா என்ற இனத்தை அவர்கள் சுட்டும் வலையில் பிடித்தும் தீர்த்தார்கள். அதன் கடைசிப் பறவை 1914-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சிச் சாலையில் இறந்தது.

நம் புறாவோ ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டைதான் இடும். நாலு குச்சியை ஒப்புக்கு வைத்துக் கட்டிய கூட்டில் அதுவும் பாதி காற்றில் விழுந்துவிடும். விதைப்புக் காலம் போக மற்ற மாதங்களில் அது பொறுக்குவதில் களை விதையும், அறுவடையில் உதிர்ந்த மணியும் நிறைய. தை, மாசியில் தாள் நிற்கும் காட்டில் அது மேய்ந்தால் மேயட்டும், விரட்ட வேண்டாம். அந்த நாட்களிலேயே அது எந்த மரத்தில் உட்காருகிறது, எந்த வழியில் தண்ணீருக்குப் போகிறது என்று பார்த்துவைத்தால் புரட்டாசியில் காவல் எங்கே என்பது தெரிந்துவிடும். கண்மாய்க்குள் கண்ணி கிடப்பதைக் கண்டால் தொடாமல் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.