பிள்ளை வரட்டும், பிறகு வாங்கலாம்

பழைய வேட்டியைக் கிழிக்கும்போது வரும் சத்தத்தை வைத்தே அம்மா துணியைத் தரம் பிரித்துவிடுவாள். நல்ல பருத்தி ‘சர்’ரென்று நூல் பிடித்து நேராகக் கிழியும். பாலியஸ்டர் கலந்திருந்தால் முரண்டு பிடித்துக் கோணலாக இழுக்கும். கோணலாகப் போனது அடுப்படிக்கு, நேராகக் கிழிந்தது பிள்ளைக்கு. போன வருஷம் சித்திரையில், காரைக்கால்மேட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மா அப்படி நான்கு வேட்டியைக் கிழித்து முடித்தாள். எதிரே என் தங்கை மகள், எட்டு மாத வயிற்றோடு, கிழித்ததை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊரில் சித்திரை, வைகாசி கை இறுகும் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அரசலாற்று முகத்துவாரத்துத் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வலை பின்னுவதும் படகுக்கு வர்ணம் அடிப்பதுமாக ஆண்கள் கரையில் இருப்பார்கள். தடைக்கால நிவாரணம் வரும். ஆனால் அது அரிசி, மளிகை, வட்டி என்று போக வேண்டிய இடம் முன்பே எழுதியிருக்கும். அந்த நேரத்தில் பிரசவமும் வந்தால் குழந்தைத் துணிக்கென்று ஒதுக்க முடிவது சொற்பம். தங்கை வீட்டில் ஒதுக்கியது 2,000 ரூபாய். அதைக் காரைக்கால் பாரதியார் சாலைக் கடைகளுக்குக் கொண்டுபோய் ஒரே நாளில் செலவழித்துவிடாதே என்று தங்கையைத் தடுத்தவள் நான்தான், ஏனென்றால் அந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன்.

என் மூத்த மகள் பிறப்பதற்கு முன், ஆசை தாங்காமல் ‘0–3 மாதம்’ என்று அட்டை கட்டிய செட்டுகள் ஒரு டஜன் வாங்கி வைத்தேன். பிள்ளை 2 கிலோ 300 கிராமில் பிறந்தாள். சட்டைக்குள் தோளும் நிற்கவில்லை, கழுத்தும் நிற்கவில்லை. கைப்பகுதி விரலைத் தாண்டித் தொங்கியது. துணி முகத்தின்மேல் ஏறிவிடுமோ என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தேன். கடைசியில் முதல் ஒன்றரை மாதம் அவள் உடுத்தியது என் மாமியாரின் சுங்கடிப் புடவைத் துண்டுகளைத்தான். பக்கத்து வீட்டில் அதே வாரம் பிறந்த பையன் 3 கிலோ 800. அவர்கள் வாங்கி வைத்த சின்ன அளவு அவனுக்கு ஒரு வாரம்கூட வரவில்லை. இரண்டு வீட்டிலும் வாங்கியது ஒரே அட்டை, ஒரே அளவு.

‘பொறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணும் வாங்காத, புள்ள வரட்டும்’ என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைப் பயம் என்றுதான் நினைத்திருந்தேன். பயமும் உண்டுதான். பிறந்த பிள்ளை தங்குமா என்று தெரியாத காலத்தில் வந்த பேச்சு அது. ஆனால் அதற்குள் ஒரு கணக்கும் இருக்கிறது: எடை தெரியாமல் அளவு வாங்க முடியாது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), நம் நாட்டில் பிறந்ததும் எடை பார்க்கப்பட்ட குழந்தைகளில் சுமார் 18 சதவீதம் 2.5 கிலோவுக்குக் கீழே. ஆகவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையில் துவைத்துக் காயவைத்த பழந்துணி, துவட்ட இரண்டு துண்டு, ஒரு குல்லா, இரண்டு முடிச்சு ஜபுலா இருந்தால் போதும். மீதிக்கு, தராசில் பிள்ளையை வைத்த பிறகு ஆள் அனுப்பலாம்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், காசு வீணாவது இங்கேதான். அட்டையில் இருக்கும் மாதக்கணக்கு ஒரு குத்துமதிப்பு. பிள்ளையின் நீளம்தான் சரியான கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் பிறக்கும்போது ஆண் குழந்தையின் நடுத்தர நீளம் 49.9 செ.மீ., பெண் குழந்தைக்கு 49.1. மூன்று மாதம் முடியும்போது ஆணுக்கு 61.4, பெண்ணுக்கு 59.8. மூன்றே மாதத்தில் ஏறத்தாழ அரைச் சாண், பதினொரு செ.மீ. அளவுக்கு ஏறிவிடுகிறது. ஐரோப்பிய அளவுத் துணிகளில் 50, 56, 62 என்று இருக்கும் எண் பிள்ளையின் நீளத்தைத்தான் சொல்கிறது. 50 சில வாரத்துக்கு. 56 இரண்டு மாதத்தைத் தொடும். 62 மூன்று, நான்கு மாதம் வரை வரும். நடுத்தரமாகப் பிறந்த பிள்ளைக்கு 50இல் இரண்டு உருப்படிக்குமேல் வாங்குவது வீண். 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு மட்டும் நான்கு வாங்கலாம்.

காரைக்காலில் இந்த எண்களோடு இன்னொரு வழியிலும் பழக்கம் உண்டு. 1954 நவம்பர் 1 வரை இது பிரெஞ்சு ஊர். பாரீசிலும் அதைச் சுற்றியும் உறவு உள்ள குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. டவுனில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு அங்கிருந்து ஒரு பார்சல் வந்தது. அதிலிருந்த உடுப்பின் அட்டையில் ‘3 முவா – 60 செ.மீ.’ என்று இருந்தது. முவா என்றால் மாதம். மூன்று மாதத்துப் பிள்ளைக்கு 60 செ.மீ. என்பது அவர்கள் கணக்கு. அதே ‘3 மாதம்’ என்று நம் கடையில் விற்கும் உடுப்பை அதன் மேல் வைத்துப் பார்த்தால் நீளத்தில் இரண்டு விரல் வித்தியாசம். திருப்பூர்ப் பனியன் துணிகளில் பலவற்றில் இருக்கும் எண்ணோ மார்புச் சுற்றளவு. ஆக, எந்த எண் எதைச் சொல்கிறது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. எளிய வழி ஒன்று இருக்கிறது. வீட்டில் பிள்ளையைப் படுக்க வைத்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரு நூலால் அளந்து, அந்த நூலைக் கடைக்குக் கொண்டுபோகலாம். எங்கள் தையல்காரம்மா வலைநூலில் முடிச்சுப் போட்டு அளவு வைத்திருப்பார், தப்பியதே இல்லை.

அந்தப் பாரீஸ் உடுப்பு அழகாக இருந்தது. உள்ளே பஞ்சுபோல் தடித்த துணி, பாதம் வரை மூடியது. எங்கள் வைகாசி வெயிலுக்கு அதைப் போட்டால் பிள்ளை வேர்க்குருவில் வெந்துபோகும். மார்கழிக்கென்று எடுத்து வைத்தார்கள். மார்கழி வந்தபோது பிள்ளை அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

முதல் இரண்டு வாரம் தொப்புள்கொடி காய்ந்து விழும் வரை, தலைவழியாகப் போடும் சட்டை வேண்டாம். முன்பக்கம் திறந்து நாடா முடிச்சுப் போடும் ஜபுலாதான் வசதி. கழுத்து நிற்காத பிள்ளையை அதிகம் அசைக்காமல் மாட்டலாம், தொப்புளில் உரசாது. நாடா கழுத்தருகே நீளமாகத் தொங்கக் கூடாது, நறுக்கிவிட வேண்டும். இடுப்புத் துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்ட வேண்டும். ஜபுலா ஆறு போதும். இடுப்புத் துணிதான் நிறைய வேண்டும். தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் பிள்ளை ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போகும், மலமும் பலமுறை போகும். கோடையில் 24 துண்டு இருந்தால் துவைத்துக் காயவைத்துச் சமாளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் பிறந்தால் 40 வேண்டும், மழையில் ஒரு துணி காய இரண்டு நாள் ஆகும். காயாத துணியைக் கூடைமேல் விரித்து சாம்பிராணிப் புகையில் உலர்த்தும் பழக்கம் இங்கே உண்டு. அதை விட்டுவிடுவது நல்லது. பச்சைப் பிள்ளையின் நெஞ்சுக்குப் புகை ஆகாது. இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் வேலை முடிந்தது. கடையில் விற்கும் டயப்பர் ஒன்று பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், நாளுக்கு ஆறு போட்டால் மாதம் 1,800 ரூபாய். அது என் தங்கை வீட்டின் மொத்தத் துணிக்காசுக்குப் பக்கம். ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நாளுக்கும் ராத்திரிக்கும் மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள்.

பழந்துணி என்றால் எங்கள் ஊருக்கு ஒரு வலியும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை காரைக்கால்மேட்டை அள்ளிக்கொண்டு போனது. பிறகு நாடெங்கிலும் இருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். ஆனால் கிழிந்ததும் கறைபட்டதும் கம்பளியுமாக வந்தவை நாகப்பட்டினம் கடற்கரைப் பக்கமெல்லாம் சாலையோரம் மழையில் நனைந்து குவிந்து கிடந்தன. அதைப் பார்த்தவர்களுக்கு, யாரோ கொடுத்த துணி என்றால் இன்றும் நெஞ்சு சுருங்கும். ஆனால் அவர்களே, ஆயாவின் புடவையைப் பிள்ளைக்குப் போர்த்தும்போது கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். எனவே அக்காள் பிள்ளையின் சட்டை, சித்தி பிள்ளையின் குல்லா என்று உறவுக்குள் சுற்றும் துணியை வாங்குவதில் கூச்சமே வேண்டாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அப்படி வரும் துணி பெரும்பாலும் பெட்டிக்குள் அந்துருண்டையோடு கிடந்திருக்கும். அந்த நாப்தலீன் வாடை பட்ட துணி, ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு ரத்த அணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரக்கூடும். நொதி குறைவு இருப்பது பிறந்தவுடன் யாருக்கும் கண்ணால் தெரியாது. ஆகவே வாடை முழுக்கப் போகும்வரை துவைத்து, வெயிலில் பல நாள் போட்டு, முகர்ந்து பார்த்த பிறகே பிள்ளை மேல் பட வேண்டும். அந்துருண்டைக்குப் பதில் வேப்பிலை போட்டு வையுங்கள். இன்னொன்று, கையுறையையும் காலுறையையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். தொங்கும் ஒரு நூல் விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். பிள்ளை ஏன் அழுகிறது என்று தெரியாமல் கை வீங்கிய பிறகு கண்டுபிடித்த வீட்டை நான் அறிவேன்.

எவ்வளவு போர்த்துவது என்பதற்கும் ஒரு அளவு உண்டு: பெரியவர்கள் உடுத்தியிருப்பதைவிட ஒன்று, மிஞ்சினால் இரண்டு அடுக்கு கூட. எடை குறைந்த பிள்ளைக்கு எந்த உடுப்பையும்விட அம்மாவின் நெஞ்சுதான் சூடு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கி உலகமெங்கும் பரவிய ‘கங்காரு’ முறையில் பிள்ளைக்கு வேண்டியது ஒரு குல்லா, காலுறை, இடுப்புத்துணி அவ்வளவுதான். காசில்லாத வீட்டுக்கும் இது கிடைக்கும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பின்லாந்தில் 1938இலேயே ஏழைத் தாய்மார்களுக்கு அரசே குழந்தைத் துணிகளை ஒரு பெட்டியில் வைத்துக் கொடுக்கத் தொடங்கியது. 1949இல் அதை எல்லாத் தாய்மார்களுக்கும் விரித்தார்கள். காலிப் பெட்டியே பிள்ளைக்குத் தொட்டிலாகவும் ஆகும். தமிழ்நாட்டில் 2015இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1,000 ரூபாய் மதிப்பில் 16 பொருள் கொண்ட பரிசுப் பெட்டகம் தொடங்கினார்கள். துண்டு, உடை, கொசுவலை எல்லாம் அதில் இருந்தன. நாங்கள் புதுச்சேரி ஆட்சிக்குள். வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு. அந்தப் பக்கத்து நம்பியார் நகரிலோ அக்கரைப்பேட்டையிலோ இருந்து வாழ வந்த பெண் தாய்வீட்டுப் பிரசவத்துக்குப் போனால் ஒரு சட்டம், இங்கேயே பிறந்தால் ஒரு சட்டம். ஒரே கடல், ஒரே வலை. பிள்ளையின் முதல் துணி மட்டும் ஏன் எல்லைக்கல் பார்த்து வர வேண்டும்?

பேர் வைக்கும் அன்று சீர் கொண்டுவரும் அத்தைகளுக்கும் மாமன்களுக்கும் ஒரு வேண்டுகோள். சரிகையும் வலைத்துணியும் வைத்த சின்னச் சட்டையை எல்லோரும் கொண்டுவருகிறீர்கள், ஒரு முறை போட்டுப் படம் எடுத்து முடிந்துவிடுகிறது. ஆறு மாத அளவில், பருத்தியில், உறுத்தும் மணி இல்லாமல் ஒன்று கொடுங்கள். பிள்ளை அதை உண்மையிலேயே உடுத்தும்.

தங்கை மகளுக்கு வைகாசி கடைசியில் பையன் பிறந்தான், 2 கிலோ 900. எடை தெரிந்த அன்று சாயங்காலம் நான் போய் 56இல் நான்கு, 50இல் இரண்டு வாங்கி வந்தேன். 2,000த்தில் 1,100 மிச்சம். அதை எடுத்து வைத்து, ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்குப் போன இடத்தில் தங்கை அடுத்த அளவை வாங்கினாள். அந்த இரண்டு சின்னச் சட்டையும் இப்போது எதிர் வீட்டில் இருக்கின்றன. அங்கே ஐப்பசியில் பிரசவம். அந்தப் பெண்ணின் மாமியார் நேற்று அம்மாவிடம் வந்து, ‘யக்கா, வேட்டி எதுவும் கிடக்கா?’ என்று கேட்டார். மழைக்காலப் பிள்ளை, நாற்பது துண்டு வேண்டும் என்று சொல்லி, அம்மா உள்ளே பெட்டியைத் திறக்கப் போனாள்.