லினக்ஸ் தகடும் திருத்தச் சீட்டும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. வீட்டில் உள்ள பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறியாமல், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக்கொள்ளலாமா என்று அன்பர்கள் சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் எந்தத் தகட்டிலிருந்து போடுகிறோம் என்பதில் கவனம் தேவை. தகடு என்று நான் சொல்வது பென்டிரைவுக்கும் பொருந்தும்.

தகட்டில் உள்ள சரக்கு, அது தயாரான தேதியோடு நின்றுவிடுகிறது. குறைகள் வெளிப்படுவதோ நிற்பதில்லை. 2014 செப்டம்பரில் 'பாஷ்' என்ற மென்பொருளில் 'ஷெல்ஷாக்' எனும் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. அதற்கு முன் வந்த பெரும்பாலான லினக்ஸ் தகடுகளில் அந்த ஓட்டையும் சேர்ந்தே இருந்தது.

அப்படியானால் ஒவ்வொரு திருத்தத்தையும் உடனுக்குடன் தகட்டிலேயே சேர்த்துவிட்டால் என்ன?

ரயில்வே விதிப் புத்தகங்களுக்கு அவ்வப்போது திருத்தச் சீட்டு வரும். அதை உரிய பக்கத்தில் ஒட்டிக்கொள்வோம். சீட்டுகள் பெருகியதும் அவற்றை உள்ளடக்கிப் புதுப் பதிப்பு அச்சாகும். ஒரு சீட்டுக்காக யாரும் புத்தகத்தையே மறுபடி அச்சடிப்பதில்லை. அச்சடித்தால் முழுவதையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

டெபியன் என்னும் லினக்ஸ் குழுவினரும் இதே வழியில்தான் செல்கிறார்கள். டெபியன் 12, 2023 ஜூன் 10 அன்று வெளிவந்தது. அதன்பின் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 12.1, 12.2 என்று திருத்திய தகடுகள் வந்தன. அவற்றில் புது வசதிகளைத் திணிப்பதில்லை. பாதுகாப்புத் திருத்தங்களும் கடுமையான குறைகளுக்கான மாற்றங்களும் மட்டுமே இடம்பெறும். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. 2022 ஏப்ரலில் வந்த 22.04-க்கு, அதே ஆண்டு ஆகஸ்டில் 22.04.1 வந்தது.

இவ்வளவு நிதானத்திலும் தவறு நேர்ந்தது. 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வெளியாகும் தறுவாயில், அதன் கெர்னலில் சேர்த்திருந்த ஒரு திருத்தம் கோப்புகளைக் கெடுக்கக்கூடியது என்று தெரியவந்தது. அந்தத் திருத்தம் இன்னொரு திருத்தத்தை நம்பி எழுதப்பட்டது. அந்த இன்னொன்று சேராமல் போயிற்று. ஐந்தாம் சீட்டை ஒட்டாமல் ஆறாம் சீட்டை ஒட்டிய கதைதான். உடனே 12.3 தகடுகளை நிறுத்திவைத்து, டிசம்பர் 10 அன்று 12.4-ஐ வெளியிட்டார்கள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் தகட்டில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆகவே சோதித்துப் பார்த்த திருத்தங்கள் தகட்டில் இருக்கட்டும்; மற்றவை நிறுவிய பின் நெட் வழியே வரட்டும். இதுவே நடைமுறைக்கு உகந்தது.

நாம் செய்ய வேண்டியவை மூன்று. பழைய தகடு கையில் இருந்தாலும், முடிந்தவரை அந்தப் பதிப்பின் கடைசித் திருத்திய தகட்டையே பயன்படுத்துங்கள். நெட் வேகம் குறைந்த ஊர்களில் இருப்பவர்களுக்குப் பின்னால் இறக்க வேண்டிய சுமையும் இதனால் குறையும். அடுத்து, இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண், வெளியிட்டவர்கள் தந்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, நிறுவி முடிந்ததும் முதல் வேலையாகத் திருத்தங்களை இறக்குங்கள். பேங்க் கணக்கைத் திறப்பதும் பேரப்பிள்ளைகளிடம் கம்ப்யூட்டரைக் கொடுப்பதும் அதற்குப் பிறகு இருக்கட்டும்.